விமானம் எங்கே? அர்காடி பிளாஸ்தோவ்: ஒரு படம், ஒரு கிராமம்

படத்தை முதல் தடவை பார்க்கிறவர்களின் கண்ணில் விமானம் படாது. இலையுதிர் காலத்து மேட்டுச் சரிவு ஒன்று தெரியும். புல் காய்ந்து பழுப்பேறிவிட்டது. இளம் பிர்ச் மரங்கள் பொன்மஞ்சளாக, மெலிந்து நிற்கின்றன. மாடுகளும் ஆடுகளும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கின்றன. மேய்ந்து முடித்து அசைபோடப் படுத்திருக்கின்றன என்றுதான் முதலில் தோன்றும். அப்புறம் நாய் கண்ணில் படும். தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. அதன் பக்கத்தில் மாடு மேய்க்கும் பையன் குப்புற விழுந்து கிடக்கிறான். தலையருகே ரத்தம். அப்போதுதான் மாடுகளும் படுத்திருக்கவில்லை, செத்துக்கொண்டிருக்கின்றன என்பது உறைக்கும். யார் செய்தது என்று கண் மேலே போகும். சாம்பல் வானத்தின் தொலைவில், ஈ அளவுக்கு ஒரு விமானம். போய்க்கொண்டே இருக்கிறது.

1942-இல் அர்காடி பிளாஸ்தோவ் வரைந்த இந்த ஓவியம் இப்போது மாஸ்கோவின் ட்ரெத்யாகோவ் காலரியில் இருக்கிறது. பெயர் ரஷ்ய மொழியில் இரண்டே சொற்கள்: 'ஃபஷீஸ்த் ப்ரலெத்யேல்'. 'பாசிஸ்ட் பறந்து போனான்' என்று சொல்லலாம். கொன்றான், சுட்டான், அழித்தான் என்று எதுவும் கிடையாது. ஒருவன் அந்த வழியாகப் போனான், அவ்வளவுதான். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதைத் தலைப்பின் வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது.

சோவியத் ஓவியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது வேறு. 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாளைக் கிழித்துப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்ட தலைமுறை ஒன்று உண்டு. சிரித்த முகத்தோடு டிராக்டர் ஓட்டும் பெண், கோதுமைக் கதிரை அணைத்திருக்கும் பண்ணைத் தலைவர், பின்னால் அணைக்கட்டு. அந்தப் படங்களை வரைந்த அதே அமைப்புக்குள் இருந்துகொண்டு, ஸ்டாலின் பரிசு, லெனின் பரிசு இரண்டையும் வாங்கிய ஒருவர் எப்படி இப்படியொரு படத்தை வரைந்தார்? அவர் வரைந்தவற்றில் எது அவருடையது, எது அரசுடையது? பிளாஸ்தோவின் வாழ்க்கையை எடுத்துப் பார்க்க எனக்குக் காரணமாக இருந்தவை இந்தக் கேள்விகள்தான்.

பிரிஸ்லோனிகா

1893 ஜனவரி 31 அன்று, வோல்கா பகுதியில், அன்றைய சிம்பிர்ஸ்க் மாகாணத்தின் பிரிஸ்லோனிகா என்ற கிராமத்தில் பிறந்தார். சிம்பிர்ஸ்க் நகரம் லெனின் பிறந்த ஊர். 1924-இல் அவர் இறந்த பிறகு உல்யானோவ்ஸ்க் ஆனது. பிளாஸ்தோவின் தாத்தா கிராமத்துக் கட்டடக்காரர், ஐகான் எனப்படும் திருவுருவப் படங்களை வரைகிறவர். ஊர்த் தேவாலயத்தைக் கட்டியதிலும் அதற்குப் படங்கள் எழுதியதிலும் அவர் கை இருந்தது. பிறகு ஒரு சமயம் அந்தத் தேவாலயத்தைப் புதுப்பிக்க ஓவியர் கூட்டம் ஒன்று வந்தபோது, சாரம் கட்டி, சட்டிகளில் வண்ணம் குழைத்து, சுவரில் ஆட்களை எழுப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் அங்கேயே தன் தொழிலை முடிவு செய்துவிட்டான். வீட்டில் நினைத்தது வேறு. பையன் பாதிரியாராக வேண்டும் என்று சிம்பிர்ஸ்க்கில் சமயப் பள்ளிக்கும் பிறகு செமினரி எனப்படும் பாதிரியார் பயிற்சிப் பள்ளிக்கும் அனுப்பினார்கள்.

1912-இல் செமினரியை விட்டு மாஸ்கோ போனார். முதலில் ஸ்த்ரோகனோவ் பள்ளி, 1914 முதல் மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக் கலைப் பள்ளி. அங்கே அவர் சேர்ந்தது சிற்பப் பிரிவில், செர்கேய் வோல்னூகின் என்ற சிற்பியிடம். ஓவியனாக விரும்பியவர் ஏன் சிற்பம் படித்தார் என்றால், உருவத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளத்தான். அந்தப் படிப்பு வீணாகவில்லை. பிளாஸ்தோவின் ஆட்கள் தரையில் உட்கார்ந்தால் தரை அவர்களைத் தாங்குவது தெரியும்.

1917-இல் புரட்சி வந்தது, படிப்பு நின்றது, ஊருக்குத் திரும்பினார். அந்தத் திரும்பல்தான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு என்பேன். அவர் தலைமுறைக் கலைஞர்கள் மாஸ்கோவிலும் பெத்ரோகிராதிலும் குழுக்கள் அமைத்து, அறிக்கைகள் எழுதி, சதுரமும் வட்டமும் வரைந்து, ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்ற பதினைந்து ஆண்டுகள், இவர் பிரிஸ்லோனிகாவில் உழுதார், புல் அறுத்தார், ஊர் சோவியத்தில், அதாவது கிராம மன்றத்தில், வேலை பார்த்தார். நேரம் கிடைத்தபோது அக்கம்பக்கத்தாரை வரைந்தார். 1925-இல் திருமணம். 1930-இல் மகன் நிகோலாய் பிறந்தான்.

1931-இல் ஊரில் தீப்பிடித்தது. மர வீடுகள், வைக்கோல் கூரைகள், கோடைக்காலம். கிராமத்தின் பெரும்பகுதியோடு பிளாஸ்தோவின் வீடும் போயிற்று. அதுவரை வரைந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமும் அதற்குள்தான் இருந்தன. முப்பத்தெட்டு வயதில், கையில் படம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லாத ஓவியர். அதனால்தான் இன்று அவருடைய இளமைக்கால ஓவியங்களைப் பற்றிப் பேச நமக்கு அதிகம் இல்லை.

விந்தை என்னவென்றால், அந்தத் தீக்குப் பிறகுதான் அவர் வயல் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியர் ஆனார். 1935-இல் மாஸ்கோ கண்காட்சியில் அவருடைய கிராமத்துப் படங்கள் இடம்பெற்றன. நாற்பத்திரண்டு வயதில் ஒரு 'புதுமுகம்'.

திருவிழா

அவர் வெளியே வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1932-இல் கட்சி எல்லாக் கலைக் குழுக்களையும் கலைத்துவிட்டது. 1934-இல் எழுத்தாளர் மாநாட்டில் சோசலிச யதார்த்தவாதம் அதிகாரபூர்வக் கொள்கையானது. யதார்த்தத்தை 'அதன் புரட்சிகர வளர்ச்சியில்' காட்ட வேண்டும் என்பது விதி. நம் பேச்சில் சொன்னால், இருப்பதை வரையாதே, இனி வரப்போவதை இப்போதே இருப்பதுபோல் வரை.

1937-இல் பிளாஸ்தோவ் வரைந்த 'கூட்டுப்பண்ணைத் திருவிழா' அந்த விதிக்கு ஒழுங்காகப் பொருந்துகிற படம். நெருக்கியடித்த கூட்டம், சாப்பாடு நிறைந்த மேசைகள், ஆட்டமும் பாட்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டாலின் படம். வோல்கா பகுதி 1921-22-இல் ஒரு பஞ்சத்தைப் பார்த்தது. கூட்டுப்பண்ணைகளில் விவசாயிகளை வலுக்கட்டாயமாகச் சேர்த்த பிறகு 1932-33-இல் இன்னொன்றையும் பார்த்தது. இரண்டின்போதும் பிளாஸ்தோவ் வோல்கா பகுதிக் கிராமத்துக்காரர்தான். இரண்டாவது பஞ்சம் முடிந்து நான்கே வருடத்தில் இந்த விருந்தை வரைகிறார்.

இதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் தள்ளியிருந்தேன். படத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது கொஞ்சம் தயங்கினேன். அவை போஸ்டர் முகங்கள் இல்லை. பல் போன கிழவி, சாப்பாட்டில் மட்டுமே கவனம் உள்ள பையன், வாயைத் துடைக்கக்கூட நேரமில்லாத ஆள். எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்களின் முகம். விருந்து அரசின் கற்பனை, உண்கிறவர்கள் நிஜம். அந்தக் கலவை சங்கடமானது. அதைச் சரிக்கட்ட நான் முயலவில்லை.

1942

சரி, மறுபடி அந்த மேட்டுச் சரிவுக்கு வருவோம்.

1942 இலையுதிர் காலத்தில் ஸ்டாலின்கிராத் போர் நடந்துகொண்டிருந்தது. அதுவும் வோல்கா பகுதிதான், ஆனால் பிரிஸ்லோனிகாவுக்குத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அதாவது பிளாஸ்தோவ் வரைந்த நிலம் போர்முனை இல்லை, பின்களம். தன் ஊர் மேட்டை, தன் ஊர் மரங்களை, தன் ஊர் மாடுகளை எடுத்து, வேறெங்கோ தினமும் நடந்துகொண்டிருந்த ஒன்றை அங்கே வைத்துப் பார்த்திருக்கிறார். எதிரி ஊருக்குள் வராமலே ஊரில் விழுந்த சாவு.

அந்த ஆண்டின் போர்ப் போஸ்டர்களோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். விக்தோர் கொரேத்ஸ்கியின் புகழ்பெற்ற 1942 போஸ்டரில் குழந்தையை அணைத்து நிற்கும் தாயின் எதிரே ரத்தம் தோய்ந்த துப்பாக்கிக் கத்தி நீட்டப்பட்டிருக்கும். 'செம்படை வீரனே, காப்பாற்று' என்று எழுத்து. போஸ்டர் அதன் வேலையைச் செய்கிறது. எதிரி மூக்குக்கு நேரே இருந்தால்தான் பார்ப்பவனுக்குக் கோபம் வரும். பிளாஸ்தோவ் எதிரியைச் சிறிதாக்குகிறார், தூரத்துக்குத் தள்ளுகிறார், முதுகைக் காட்ட வைக்கிறார். அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையதாகிவிடுகிறது. தேடுகிற அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் படம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, நிலத்தின் அழகு. அதைக் கெடுக்க அவர் மறுத்துவிட்டார். புகை இல்லை, எரிந்த வீடு இல்லை. பிர்ச் இலைகளின் மஞ்சள் தீற்றல்களில் அவர் கை எவ்வளவு லேசாக ஓடியிருக்கிறதோ, அதே லேசான கைதான் பையன் தலையருகே உள்ள சிவப்பையும் வைத்திருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சின்னச் சிவப்புத் தீற்றல்தான். ஒரு சொட்டு அதிகமாக வைத்திருந்தால் படம் கூச்சல் போட ஆரம்பித்திருக்கும்.

1943 நவம்பர் கடைசியில் தெஹ்ரானில் ஸ்டாலின், ரூஸ்வெல்ட், சர்ச்சில் மூவரும் கூடினார்கள். அந்தச் சமயத்தில் இந்தப் படத்தை அங்குள்ள சோவியத் தூதரகத்தில் மாட்டி வைத்தார்கள் என்று கலை வரலாற்று நூல்கள் வழக்கமாகச் சொல்கின்றன. மேற்கே இரண்டாவது போர்முனையை எப்போது திறக்கப் போகிறீர்கள் என்று நேச நாடுகளை ஸ்டாலின் நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படிப் பார்த்தால், தன் ஊர் மாட்டுக்காரப் பையனை ஓர் ஓவியர் வரைய, அதை அரசு ராஜதந்திர மேசைக்கு அருகில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. கொரேத்ஸ்கியின் போஸ்டரை அங்கே மாட்டியிருந்தால் பிரச்சாரம் என்று விருந்தாளிகள் தாண்டிப் போயிருப்பார்கள். பிரச்சாரமாகத் தெரியாததுதான் இந்தப் படத்தின் பிரச்சார பலம். ஸ்டாலினின் ஆட்களுக்கு அது புரிந்திருக்கிறது என்றால், அவர்கள் ஓவியம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அறுவடையில் யார் இல்லை

1945-இல் போர் முடிந்த கோடையில் இரண்டு பெரிய படங்கள்: 'புல் அறுப்பு', 'அறுவடை'. இரண்டுக்குமாக 1946-இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

'புல் அறுப்பு' அவருடைய படங்களில் மிகவும் வெளிச்சமானது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸில் பாதிக்கு மேல் பூவும் புல்லும் இலையும்தான். வெள்ளை, மஞ்சள், ஊதா என்று அடுக்கடுக்காகத் தீற்றல்கள். சில இடங்களில் எது பூ, எது வெயில் என்று பிரித்தறிய முடியாது. அந்தப் புல்லுக்குள் நீள்பிடி அரிவாள்களோடு நான்கு பேர். சாவு முடிந்தது, வாழ்க்கை தொடங்கிவிட்டது, இனி ஒவ்வோர் இலையையும் பார்த்துச் சந்தோஷப்படு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரைந்ததாகப் பிளாஸ்தோவே பின்னால் எழுதியிருக்கிறார்.

அந்த நான்கு பேரை எண்ணிப் பாருங்கள். ஒரு பதின்வயதுப் பையன். ஒரு பெண். இரண்டு கிழவர்கள். அவ்வளவுதான். புல் அறுப்பது ரஷ்யக் கிராமத்தில் வாட்டசாட்டமான இளம் ஆண்களின் வேலை. வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் அரிவாள் வீசி முன்னேறுவார்கள். அந்த ஆண்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. 'அறுவடை'யிலும் இதேதான்: கதிர்க்கட்டுகளுக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கிழவரும் சில பிள்ளைகளும். நடுவில் இருக்க வேண்டிய தலைமுறை இல்லை.

சோவியத் ஒன்றியம் அந்தப் போரில் இழந்தது ஏறத்தாழ 2.7 கோடி உயிர்கள் என்பது பிற்காலக் கணக்கு. 1946-இல் ஸ்டாலின் வெளியே சொன்ன எண்ணிக்கை 70 லட்சம். அந்த எண் அச்சாகிற அதே ஆண்டில்தான் அதே அரசு இந்த இரண்டு படங்களுக்கும் பரிசு கொடுக்கிறது. வெற்றியின் மகிழ்ச்சியைப் பார்த்துக் கொடுத்தார்கள். மகிழ்ச்சி நிஜமாகவே அதில் இருக்கிறது. ஆள் குறைவும் இருக்கிறது. பார்க்க வந்தவர்களில் எத்தனை பெண்கள் அந்த நான்கு பேரை எண்ணியிருப்பார்கள் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

1942 படத்தில் விமானத்தைச் சிறிதாக்கியதும் இதுவும் ஒரே கை செய்த வேலைதான். சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை மூலையில் வைப்பது, அல்லது வைக்காமலே விடுவது. ஐகான் வரைகிற குடும்பத்தில் வந்தவருக்கு, எதை நடுவில் வைத்தால் என்ன அர்த்தம் என்பது சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். நடுவைக் காலியாக விடுவதையும் அதோடு சேர்த்தே கற்றிருக்கிறார் போலும்.

தீற்றல் என்ற குற்றம்

1947-இல் சோவியத் கலைக் கழகம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர், ஸ்டாலினையும் ராணுவத் தலைவர் வொரோஷீலவையும் கிரெம்ளினில் நிற்க வைத்து வரைந்த அலெக்சாந்தர் கெராசிமோவ். பிளாஸ்தோவும் அதில் உறுப்பினர். அடுத்த ஆண்டே, மோனே, மத்தீஸ் போன்றோரின் படங்களை வைத்திருந்த மாஸ்கோவின் புதிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் மூடப்பட்டது. ஒளியைத் தனித்தனித் தீற்றல்களில் பிடிக்கும் பிரெஞ்சு ஓவிய பாணியான இம்ப்ரெஷனிசம் என்பது திட்டுச் சொல்லாகிப்போன காலம். தீற்றல் தெரியக் கூடாது, பரப்பு வழவழவென்று இருக்க வேண்டும்.

பிளாஸ்தோவின் தீற்றல் தெரியும். நன்றாகவே தெரியும். 'புல் அறுப்பின்' பூக்களை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அவை வண்ணப் பசை அப்பிய தடங்கள்தான். அதனால் அவர் மேலும் அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. ஆனாலும் அவரைப் பெரிதாக அசைக்க முடியவில்லை. என் கணிப்பு இது: அவர் வரைந்த பொருள் அவரைக் காப்பாற்றியது. கூட்டுப்பண்ணை, உழைப்பு, விவசாயி. கருப்பொருளில் கை வைக்க முடியாதபோது கையெழுத்தை மட்டும் எவ்வளவு தூரம் குறை சொல்வது? அப்புறம், ஆண்டில் பெரும்பகுதி கிராமத்திலேயே இருந்ததும் உதவியிருக்கும். கூட்ட அறைகளில் அடிக்கடி தென்படாதவரைச் சண்டைக்கு இழுப்பது கடினம். புஷ்கின், நெக்ராசோவ் போன்றோரின் நூல்களுக்கு இந்த ஆண்டுகளில் நிறையப் படங்கள் போட்டுக் கொடுத்தார்.

1951-இன் 'டிராக்டர்காரர்களின் இரவுச் சாப்பாடு' இந்தக் காலத்தின் நல்ல படம். மாலை வெயில் சிவந்து சாய்கிறது, உழுத மண் கறுத்துக் கிடக்கிறது, வெள்ளை மேலாடை அணிந்த பெண் பால் ஊற்றுகிறாள், களைத்த ஓட்டுநரின் கண் பாத்திரத்தை விட்டு நகரவில்லை. டிராக்டர் பின்னால் போய்விட்டது. அதைப் பெருமைப்படுத்தவே படம் கேட்டிருப்பார்கள். அவர் வரைந்தது பசியை.

வசந்தம்

ஸ்டாலின் 1953 மார்ச்சில் இறந்தார். 1954-இல் பிளாஸ்தோவ் 'வசந்தம்' வரைந்தார்.

ஆள் உயரத்துக்கும் மேலான நெடுக்குக் கேன்வாஸ். பான்யா எனப்படும் கிராமத்துக் குளியலறையின் வாசல். புகைபோக்கி இல்லாத, உள்ளேயே புகை சுற்றிக் கரியேறிய பழைய மரக்கொட்டகை. வெந்நீரில் குளித்து வெளியே வந்த இளம்பெண் ஒருத்தி, உடம்பில் துணி இல்லாமல், வைக்கோல் பரப்பின் மேல் குனிந்து உட்கார்ந்து, சின்னப் பெண்ணுக்குத் தலைத்துண்டை இறுக்கிக் கட்டுகிறாள். மகளோ தங்கையோ, படம் சொல்லவில்லை. குழந்தைக்கு முழுக்க உடுத்திவிட்டாயிற்று. தனக்கு இன்னும் ஒன்றும் இல்லை. வெளியே பனித்துகள் விழுகிறது. பெயர் என்னவோ வசந்தம்.

குழந்தையின் முகத்தை மட்டும் கொஞ்சம் நேரம் பார்க்கலாம். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. தலைத்துண்டின் முடிச்சு இறுகுகிறது, அம்மாக்கள் அவசரத்தில் போடுகிற முடிச்சு. நம் வீட்டிலும் குளிருக்குக் குழந்தைக்குக் குல்லாய் கட்டும்போது அது இதே முகத்தைத்தான் வைத்துக்கொள்ளும்.

நிர்வாணத்தை ஒளித்து வைத்த ஒரு கலை அமைப்புக்குள் இந்தப் படம் வந்தது பெரிய விஷயம். 'வடக்கின் வீனஸ்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. வீனஸ்கள் பார்க்கப்படுவதற்காக நிற்பவர்கள். இவளுக்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை; குழந்தைக்குக் குளிர் பிடிக்குமே என்ற ஒரே கவலை. தாத்தா வரைந்த மாதாவும் குழந்தையும்தான் கரியேறிய கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதை வெளியே சொல்ல அவருக்கு அவசியம் இருந்திருக்காது.

சொல்லாமல் விட்டவை

பட்டங்கள் வரிசையாக வந்தன. 1962-இல் சோவியத் ஒன்றிய மக்கள் கலைஞர். 1966-இல் கூட்டுப்பண்ணைக் கிராமத்து மனிதர்கள் என்ற படத்தொடருக்காக லெனின் பரிசு. அந்தத் தொடரில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிரிஸ்லோனிகாக்காரர்கள்: மாடு மேய்ப்பவர், பால் கறப்பவர், பாட்டிகள்.

ஆக, அவரை எந்தப் பக்கம் வைப்பது? எதிர்ப்பாளர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அரசு கேட்டதைக் கொடுத்தார், பரிசை வாங்கிக்கொண்டார், பஞ்சத்தையும், தானியம் பறித்ததையும், நாடு கடத்தப்பட்ட விவசாயிகளையும் தன் பெரிய படங்களுக்குள் கொண்டுவரவில்லை. அரசவைக் கலைஞர் என்று தள்ளவும் முடியாது. மற்றவர்கள் விவசாயி என்ற கருத்தை வரைந்தபோது, அவர் எதிர்வீட்டுக்காரரை வரைந்தார். எதிர்வீட்டுக்காரரை ஒழுங்காக வரைந்தால், அவர் வீட்டில் யார் இல்லை என்பதும் தானாக வந்துவிடும். 1945-இல் அது வந்தது. 1937-இல் வரவில்லை, அல்லது வர அவர் விடவில்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

1969-70-இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, 'கடந்த காலத்திலிருந்து' என்ற படத்தை வரைந்தார். அறுவடை வயலில் இளைப்பாறும் ஒரு விவசாயக் குடும்பம். புரட்சிக்கு முந்தைய நாட்கள். கூட்டுப்பண்ணை இல்லை, டிராக்டர் இல்லை, மேலே யாருடைய படமும் இல்லை.

1972 மே 12 அன்று பிரிஸ்லோனிகாவில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். 'புல் அறுப்பில்' பூக்களுக்கு நடுவே அரிவாளோடு நிற்கும் அந்தப் பதின்வயதுப் பையன் அவருடைய மகன் நிகோலாய். வரையும்போது அவனுக்குப் பதினைந்து வயது. போருக்குப் போகிற வயதை இரண்டு மூன்று வருடத்தில் தவறவிட்டவன். அவனும் பிறகு ஓவியனானான்.